வலது மூலையில் ஒரு டிக்

எனக்குச் சிவப்பு நிறத்தின் மேல் கோபம் எதுவும் கிடையாது. அதை எங்கே போடுகிறார்கள், எவ்வளவு அகலத்தில் போடுகிறார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

உங்கள் அறைக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ள வேண்டிய பக்கத்தில் இழுக்கிற கைப்பிடியை வைத்திருக்கிறார்கள். காலையில் நான் வந்து உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்தில் மூன்று பேர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார்கள். தப்பு கதவைச் செய்தவனுடையது. ஆனால் மூன்று பேரும் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள். கருவி சொதப்பினால் மனிதர்கள் தங்கள் தலையில்தான் அடித்துக்கொள்வார்கள். இத்தனை வருட வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு அவசரப்பட்டுப் பழக்கமில்லை. நான் சொல்லப்போவதை வைத்துத்தான் என் தங்கை இனிமேல் டாக்டராக இருப்பாளா மாட்டாளா என்று முடிவாகும் என்றும் சொன்னீர்கள். அதை மறக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். நம்பாதவர்கள்தான் எழுதாமல் கேட்பார்கள். பரவாயில்லை, எழுத வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருக்கிற நூலகத்தில் பத்தொன்பது வருடமாக நான் நூலகர். டாக்டர்கள் ஆய்வு எழுதினாலும், சிகிச்சைக் கையேடு தொகுத்தாலும், இந்தத் தகவல் எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று வரிக்கு வரி அடியில் குறிப்புக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து வைத்து, கேட்ட இடத்தில் குறிப்பை எழுதித் தருவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. ஒவ்வொரு துறைக்கும் அதில் ஒரு பொது ஃபோல்டர். ஒருவர் போட்டால் எல்லாரும் பார்க்கலாம். ஏதாவது ஒரு கட்டுரையில் மோசடி இருக்கிறது என்று தெரிந்து, வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், மென்பொருள் அந்தக் கட்டுரையின் தலையில் ஒரு சிவப்புப் பட்டையைக் காட்டும்.

அந்த மென்பொருளை நடத்துகிற நிறுவனத்துக்கு ஆறு வருடத்தில் நாற்பத்தொரு யோசனைகள் எழுதிப் போட்டிருக்கிறேன். நகர்த்துகிற பட்டனை ஒட்டியே அழிக்கிற பட்டனை வைத்திருந்தார்கள். ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர் பாவம், நான்கு மாத உழைப்பை ஒரே தட்டில் துடைத்துப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். நான் எழுதிய பிறகுதான் அந்தப் பட்டனைத் தள்ளி வைத்தார்கள். ஒரே கட்டுரை இரண்டு முறை சேர்ந்துவிட்டால், ஒன்றாக்கும் முன் எதை வைத்துக்கொள்வது என்று கேட்க வேண்டும் என்று எழுதினேன். அதையும் செய்தார்கள். நாற்பத்தொன்றில் ஒன்பது நிறைவேறியது. யோசனைப் பக்கத்தில் என் புனைபெயர் ‘மூன்றாம் மாடி’. அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து என்னை ஆலோசகர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது, மற்றவர்கள் எழுதுகிற யோசனைகளை ஏற்கலாமா தள்ளலாமா என்று சொல்கிற உரிமை மட்டும் உண்டு. என் கணவர், “நீ தாலி கட்டிக்கிட்டது என்கிட்டயா, அந்த சாஃப்ட்வேர்கிட்டயா?” என்று கிண்டல் செய்வார். நான் அடுத்த யோசனையை எழுதிக்கொண்டிருப்பேன்.

என் தங்கை அதே மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டர். என்னைவிட எட்டு வயது சின்னவள். மருத்துவ நுழைவுத் தேர்வை நான் மூன்று முறை எழுதினேன், அவள் ஒரு முறை எழுதினாள். இதை நீங்கள் எங்காவது அடிக்கோடிட்டு வைத்திருப்பீர்கள். அடிக்கோடிட வேண்டியதில்லை. எனக்கு அவள் மேல் பொறாமை இல்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான், விலங்கியல் படம் வரைந்து கொடுத்தது நான். அவள் டாக்டரானபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை.

வேலைக்கு வந்த புதிதில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாடியேறி வருவாள். கையில் கட்டுரைத் தாள்கள் இருக்கும். என் மேஜைக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, “அக்கா, இத ஒரு கண்ணு பாரேன். எடுத்துக்கலாமா?” என்பாள். யார் எழுதியது, எத்தனை நோயாளிகள், கணக்கு எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் வலது மூலையில் பென்சிலால் ஒரு டிக் போடுவேன். சரியில்லை என்றால் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் அவள் டீ குடித்துக்கொண்டே வார்டுக் கதைகளைச் சொல்வாள். ஊசியைக் கண்டதும் டாக்டரையே கடித்துவைத்த பையன் கதையெல்லாம் அங்கே கேட்டதுதான். டாக்டர்கள் எத்தனையோ பேர் வருவார்கள். முக்காலியில் உட்கார்கிறவள் அவள் ஒருத்திதான்.

முப்பத்தெட்டாவது யோசனை அந்த டிக். நூலகர் ஒரு கட்டுரையைப் பார்த்து முடித்ததும் திரையின் வலது மூலையில் ஒரு பச்சை டிக் போட வசதி வேண்டும் என்று எழுதினேன். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையாக இருந்தால், டிக் போட்டதும் சிவப்புப் பட்டை மடங்கிக்கொள்ளட்டும் என்றும் சேர்த்தேன். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. மோசடிக் கட்டுரைகளைப் பற்றியே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால் வேலை ஓடாது. நிறுவனம் என் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டது. உதவிப் பக்கத்தை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதினேன். ‘டிக் என்றால் நூலகர் பார்த்துவிட்டார் என்று பொருள். சரி என்று பொருள் அல்ல.’ போய்ப் படித்துப் பாருங்கள், இன்றைக்கும் இருக்கிறது. இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

டிக் வந்ததும் என் தங்கை மாடிக்கு வருவது நின்றுபோனது.

ஒரேயடியாக நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஆனது, மாதத்துக்கு ஒருமுறை ஆனது, அப்புறம் லிஃப்ட்டில் பார்த்தால் உண்டு. “செம வேலைக்கா, மூச்சு விட நேரமில்ல” என்பாள். கட்டுரையை ஃபோல்டரில் போடுவாள், நான் பார்த்து டிக் போடுவேன், அவள் அங்கிருந்தே எடுத்துக்கொள்வாள். வேலை வேகமாக நடந்தது. யோசனை வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். முக்காலியின் மேல் உதவி நூலகர் பழைய இதழ்களை அடுக்கி வைத்தாள். எடுக்கச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

ஒருநாள் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். என் தங்கை என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்: “எங்க அக்கா டிக் போட்டுட்டா போதும், கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. கண்ணை மூடிக்கொண்டு. முன்னாலெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். இப்போது ஒரு பச்சைக் குறி போதும், என் முகம் வேண்டாம். எனக்கு வலித்தது. இதை ஒளித்துப் பேச வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால். குழந்தைகள் துறை ஃபோல்டரில் ஒரு கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை வந்தது. வலிப்பு நிற்காத குழந்தைகளுக்கு இரண்டாவது ஊசி எவ்வளவு போடலாம் என்பது பற்றிய கட்டுரை. என் தங்கை முந்தைய வாரம் போட்டது. வழக்கமான அளவைவிட அதிகம் போட்டாலும் ஆபத்தில்லை என்று அது சொன்னது. இதழின் அறிவிப்பைத் திறந்து முழுதும் படித்தேன். ஆய்வில் சொல்லியிருந்த குழந்தைகளில் பாதிப் பேர் இல்லவே இல்லை, எண்கள் இட்டுக்கட்டியவை. அந்த அளவு போட்டால் மூச்சு நின்றுபோக வாய்ப்பு உண்டு என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். இரண்டு முறை படித்தேன்.

தொலைபேசி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அவளுடைய வார்டு எண் எனக்கு மனப்பாடம். நான் டிக் போட்டேன். பட்டை மடங்கிக்கொண்டது. மிகவும் அழகாக மடங்கும், அதன் வேகத்தைப் பற்றியும் நான் எழுதியிருந்தேன்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்தேன், பார்த்ததாகக் குறித்தேன். அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் போதும், “அக்கா, அளவு கூட இருக்கிற மாதிரி இருக்கே” என்று மேலே வருவாள், அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்காக முக்காலியின் மேலிருந்த இதழ்களைக்கூட எடுத்துக் கீழே வைத்தேன்.

அவள் வரவில்லை. அவள் தொகுத்துக்கொண்டிருந்த சிகிச்சைக் கையேடு தயாரானது. சட்டைப்பையில் நுழைகிற நீல அட்டைப் புத்தகம், கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். அச்சுக்குப் போகும் முன் நூலகத்துக்கு ஒரு பிரதி வந்தது. நூற்று நாற்பதாவது குறிப்பு அந்தக் கட்டுரை. அந்தப் பிரதி ஒரு வாரம் என் மேஜையில் கிடந்தது. நூலகத்திலிருந்து திருத்தம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த அளவு ஊசி போட்ட முதல் குழந்தைக்கு எங்கள் குழந்தைகள் வார்டிலேயே மூச்சுத் திணறியது. பக்கத்திலேயே செயற்கை சுவாசக் கருவி இருந்ததால் பிழைத்துக்கொண்டான். உடம்பு ஏற்கவில்லை போலிருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். எனக்கு விஷயம் அன்றே தெரியும். கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். சரி, இப்போது அவளுக்குச் சந்தேகம் வரும், இன்றைக்கோ நாளைக்கோ வருவாள் என்று நினைத்தேன். இரண்டாவது குழந்தைக்கும் அப்படியே ஆனது, அதுவும் பிழைத்தது. அப்போதும் காத்திருந்தேன்.

மூன்றாவது ஒரு பெண் குழந்தை, ஐந்து வயது. எங்கள் மருத்துவமனையின் கிளையில் சேர்த்திருந்தார்கள். அங்கே அந்தக் கருவி கிடையாது. பணியிலிருந்த டாக்டர் நீலப் புத்தகத்தைப் பிரித்து, அதில் இருந்ததை அப்படியே செய்தார். குழந்தை பிழைக்கவில்லை. அந்த டாக்டரையும் குறை சொல்ல முடியாது.

நான்கு நாள் கழித்து அந்தக் குழந்தையின் அம்மா நூலகத்துக்கு வந்தாள். மூன்றாம் மாடியில் ரெக்கார்டு ரூம் எங்களுக்கு அடுத்த கதவு, பலகை சரியான இடத்தில் இல்லாததால் நிறையப் பேர் மாறி வருவார்கள். “கேஸ் ஷீட் இங்கதான் தருவாங்களாம்மா?” என்று கேட்டாள். பக்கத்துக் கதவு என்றேன். நிற்க முடியாமல் நின்றாள், அதனால் முக்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “புண்ணியமாப் போகும் உங்களுக்கு” என்றாள். நானே கூட்டிக்கொண்டு போய் ரெக்கார்டு ரூமில் விட்டேன். அந்தப் பலகையைப் பற்றி நிர்வாகத்துக்கு அன்றே ஒரு குறிப்பும் எழுதினேன்.

மறுநாள் காலை டிக்கை எடுத்துவிட்டேன். சிவப்புப் பட்டை பழையபடி வந்தது. மதியம் என் தங்கை மாடியேறி வந்தாள். லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

“அக்கா, அந்த ஊசிக் கட்டுரைக்கு டிக் இருந்துச்சுல்ல?”

திரையைத் திருப்பிக் காட்டினேன். சிவப்பாக இருந்தது.

“இல்லக்கா, இருந்துச்சு. நான் பாத்தேன். டிக்கப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்.”

“நீ அப்ப ராப்பகலா வேலை செஞ்சிட்டிருந்தடா கண்ணு. வேற எதையோ பாத்திருப்ப.”

அவள் என்னை நம்பினாள். கதவை இழுத்துப் பார்த்தவர்கள் மாதிரிதான், உடனே தன்னையே நொந்துகொண்டாள். முக்காலியில் உட்கார்ந்து என் மடியில் தலை வைத்து அழுதாள். முடியைக் கோதிவிட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் முழுசாக ஒரு மணி நேரம் என் பக்கத்தில் இருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லும்போது உங்கள் முகம் மாறுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

அவளைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக் குழுவில் அவள், ‘டிக் இருந்த மாதிரி ஞாபகம்’ என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு உதவி நூலகரைக் குடைந்தார்கள். நானும் உதவி நூலகரும் ‘நூலகம்’ என்கிற ஒரே பெயரில்தான் மென்பொருளுக்குள் நுழைவோம், யார் டிக் போட்டது என்று வெளியே தெரியாது. அவள் கொஞ்சம் அலட்சியக்காரி, இதழ்களைக் கண்ட இடத்தில் வைப்பாள், ஆகவே எல்லாருக்கும் அவள் மேல் சந்தேகம் எளிதாக வந்தது. என்னிடமும் கேட்டார்கள். “அவ நல்ல பொண்ணுதான், கவனம்தான் கொஞ்சம் கம்மி” என்றேன். இரண்டுமே உண்மை. அப்புறம் நீங்கள் நிறுவனத்திடம் கேட்டு நாள், நேரம் எல்லாம் வாங்கினீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள், ரசீது வைத்திருக்கிறாள். மீதி இருப்பது நான்.

மறுக்கவில்லை. ஒரு கணத்தில் செய்தது, பட்டையைப் பார்த்ததும் கை தானாகப் போனது என்று காலையில் சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இது என்ன காகிதம்? நிறுவனம் கொடுத்ததா? யோசனைப் பக்கத்தில் வந்த ஒரு யோசனை. எழுதியவர் பெயர் இல்லை, பயனர் எண் மட்டும்தான். என் தங்கையுடைய எண் என்கிறீர்கள். தலைப்பு ஞாபகம் இருக்கிறது: ‘டிக் போட்டவர் பெயரையும் காட்டவும்.’ தலைப்போடு நிறுத்திவிட்டேன், உள்ளே படிக்கவில்லை. யோசனைகளைப் படிக்காமலே தள்ளுகிறார்கள் என்று அந்த நிறுவனத்தோடு நான் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். சரி, இப்போது படிக்கிறேன்.

‘எங்கள் ஆஸ்பத்திரியில் டிக் போடுவது என் அக்கா. முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டுரையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அவரிடம் கேட்பேன். இப்போது வார்டை விட்டு நகர முடிவதில்லை. அந்த டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவைக் கேட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. பக்கத்தில் அக்கா பெயரும் இருந்தால் இன்னும் தைரியமாக இருக்கும்.’

யோசனையாகப் பார்த்தால் நன்றாக எழுதப்படவில்லை. என்ன சிக்கல் என்று முதலில் சொல்ல வேண்டும்.

கீழே என் முடிவு இருக்கிறது. ‘நிராகரிக்கப்பட்டது. காரணம்: திரையில் இடமில்லை. மூன்றாம் மாடி.’ தேதியைச் சுற்றி நீங்கள் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வாரம் முன்பு. எங்கள் வீட்டில் எல்லாரும் கூடியதற்கு மறுநாள்.

இப்போது பேனாவைத் திறக்கலாம்.

திரையில் இடம் இருந்தது. ஒரு பெயர் என்ன, நான்கு பெயர் வைக்கலாம். என் பெயர் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் நிராகரித்தேன். எந்தக் கட்டுரை என்று அப்போது எனக்குத் தெரியாது, எந்தக் குழந்தை என்றும் தெரியாது. குழந்தைகள் துறை ஃபோல்டரில் ஒருநாள் சிவப்புப் பட்டை வரும், வரும்போது டிக் போடுவேன் என்று மட்டும் தெரியும். மூன்று வாரமும் தினமும் காலையில் அந்த ஃபோல்டரைத்தான் முதலில் திறந்து பார்த்தேன்.

எல்லாவற்றையும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த மூன்றாவது குழந்தை போகிற வரைக்கும், என் தங்கை மாடியேறி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.